நாளை வரைக்கும் ஒரு விரதம்

12-2-89, ஞாயிறு

காலை டூட்டி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கூட்டமில்லை. ஞாயிற்றுக்கிழமையில் சாவுச் செய்தி சொல்பவர்களைத் தவிர யார் டிரங்கால் போடுகிறார்கள்? இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தால் பத்மா வாசலில் உட்கார்ந்து ஸ்லேட்டில் வாத்து வரைந்துகொண்டிருந்தாள். "அப்பா தூங்குது, சத்தம் போடாத" என்றாள். ஏழு வயதுக் குழந்தை எனக்கு எச்சரிக்கை சொல்கிறது.

உள்ளே பாயில் குப்புறக் கிடந்தார். பிராந்தி நெடி. வைத்துவிட்டுப் போன கத்தரிக்காய்க் குழம்பு மூடினது மூடினபடி. குனிந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். இப்போதெல்லாம் வீட்டுக்குள் நுழைந்ததும் அதுதான் முதல் வேலை. சென்னையிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது, இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை.

13-2-89, திங்கள்

எழுதிவிடுகிறேன். எழுதினாலாவது தலைக்குள் சுற்றுவது நிற்குமா பார்க்கலாம்.

பொங்கலுக்கு முன் சென்னையில் அக்கா விஜயாவுக்கு ஆபரேஷன். ரத்தம் வேண்டுமென்றார்கள். இவர்தான் முதல் ஆளாகச் சட்டைக் கையை மடித்தார். மறு வாரம் இவரை மட்டும் வரச் சொன்னார்கள், நானும் கூடப் போனேன். லேடி டாக்டர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். ரத்தத்தில் எச்.ஐ.வி. இருக்கிறதாம். எய்ட்ஸ் கிருமி. கிருமி மட்டும்தான் இருக்கிறது, நோய் இன்னும் வரவில்லை, வருஷக்கணக்கில் வராமலும் இருக்கலாம் என்றார். மருந்து? இப்போதைக்கு இல்லை.

என் ரத்தத்தையும் பார்த்தார்கள். எனக்கு இல்லை. ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டுமாம்.

நிரோத் உறை இல்லாமல் கூடாது, ஒரு தடவைகூடக் கூடாது என்று சொல்லிவிட்டு டாக்டர் இவர் பக்கம் திரும்பினார். குடியை விடச் சொன்னார். குடித்தால் உடம்பு எதையும் தாங்காது, டி.பி. சீக்கிரம் பிடிக்கும், சாப்பாடு இறங்காது. பிறகு என்னிடம் தணிந்த குரலில், "குடிச்ச ஆளுக்கு நிரோத் எல்லாம் ஞாபகம் இருக்காதும்மா" என்றார்.

ஆக, அவர் உயிரும் என் உயிரும் ஒரே பாட்டிலுக்குள் இருக்கிறது.

எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவரே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். லாரி ஓட்டிப் போன பம்பாய் லைன், வண்டி நிறுத்துகிற இடங்கள், அங்கே நிற்கிற பெண்கள். திண்டிவனம் வருவதற்குள் முடித்துவிட்டார். கோபம் இருக்கிறது. ஊறுகாய் மாதிரி ஜாடியில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். இப்போது எடுத்தால் வேலை கெட்டுப்போகும்.

19-2-89, ஞாயிறு

நிரோத் வாங்கத் திண்டிவனம் போனேன். செஞ்சியில் எந்த மெடிகல் ஷாப்பில் கேட்டாலும் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். ஊரில் போன் வைத்திருப்பவர்கள் அத்தனை பேருக்கும் நான்தான் "நம்பர் ப்ளீஸ்."

கடையில் முதலில் ஒரு தலைவலி மாத்திரை கேட்டேன். பிறகு ஒரு சோப்பு. மூன்றாவதாகத்தான் வாயில் வந்தது. கடைக்காரர் செய்தித்தாளில் மடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனித்தார். இதற்காகவா பஸ்ஸில் அவ்வளவு நேரம் வியர்த்தேன்?

24-2-89, வெள்ளி

போர்டில் ஒரு லைனை இணைத்துவிட்டு விலகுவதற்குள் காதில் விழுந்துவிட்டது. யாரோ யாரிடமோ, பேப்பரில் போட்டிருக்கிறான், எய்ட்ஸ் வந்தவன் இருந்த வீட்டுக் கொசு கடித்தாலும் வருமாம் என்று. வராது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். லைனுக்குள் புகுந்து சொல்ல முடியுமா? ஊர் ரகசியமெல்லாம் என் காது வழியாகத்தான் போகிறது. என் ரகசியம் யார் காதுக்கும் போகாமலிருக்க வேண்டும், பகவானே.

பக்கத்து போர்டு மங்கை, "இன்னாடி, மூஞ்சி வெளுத்துப் போச்சு?" என்றாள். வெயில் என்றேன்.

6-3-89, திங்கள்

நேற்று மாலை பெங்களூர் லோடு இறக்கிவிட்டு வந்தார். நடை சரியில்லை. பார்த்ததுமே பத்மாவை அழைத்துக்கொண்டு சமையலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அவர் கதவைத் தட்டவில்லை. திட்டவுமில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதார். நானும் இந்தப் பக்கம் அழுதேன். திறக்கவில்லை.

புருஷனுக்குப் பயந்து சமையலறையில் படுக்கிறேன். அவர் நல்லவர். அதுதான் இன்னும் பயம். கெட்டவராக இருந்தால் தொண்டூரில் மாமியாரிடம் சொல்லிவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போயிருப்பேன்.

காலையில், "இனிமே தொடமாட்டேன் சந்தனா" என்றார். எதை என்று கேட்கவில்லை. குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு.

19-3-89, ஞாயிறு

மேல்சித்தாமூர் சமணக் கோயிலுக்குப் போய் வந்தோம். ஏற்பாடு செய்தது நான்தான். மாமியாரும் வந்தார். அவருக்குக் குடி விஷயம் மட்டும் தெரியும். எங்கள் வம்சத்தில் இருட்டியபின் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். இவருடைய தாத்தா விளக்கு வைத்தபிறகு மருந்துகூடச் சாப்பிட மாட்டாராம். பேரன் விளக்கு வைத்தபின்தான் வாயையே திறக்கிறார் என்று பஸ்ஸிலேயே மாமியார் அழ ஆரம்பித்துவிட்டார்.

பார்சுவநாதர் முன்னால் இவரை நிற்க வைத்தோம். மதுவைத் தொடுவதில்லை என்று விரதம். பூஜை செய்கிற கோயில் உபாத்தியாயர் வழக்கம்போல், "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார். எங்களில் எந்த விரதத்துக்கும் அந்தக் கேள்வி உண்டு. ஒரு மாதத்துக்குக் கிழங்கு வேண்டாம், ஒரு பட்சத்துக்கு நெய் வேண்டாம் என்று கெடு வைத்துத்தான் எடுப்போம். இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"ஆயுசுக்கும்" என்றேன்.

உபாத்தியாயர் இவரைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். திரும்பும்போது எனக்கு நெஞ்சில் பாரம் இறங்கினதுபோல இருந்தது.

22-3-89, புதன்

இவருக்குக் கை நடுங்குகிறது. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. சட்டை பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிற அளவுக்கு வியர்வை. சுவரில் எறும்பு ஊர்கிறது என்கிறார், எறும்பே இல்லை. கிருமிதான் வேலையைக் காட்டுகிறதா? யாரைக் கேட்பது?

மாமியார் சொல்லி அனுப்பியிருக்கிறார், அது உள்ளே இருக்கிற விஷம் வெளியே போகிறதாம்.

2-4-89, ஞாயிறு

நடுக்கம் நின்றுவிட்டது. சாப்பிடுகிறார். பத்மாவைச் சைக்கிளில் வைத்துக் கோட்டை வரை போய் வந்தார். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. நல்லது நடந்தாலும் சந்தேகப்படுகிற ஜன்மம் நான்.

15-4-89, சனி

நேற்று வருஷப் பிறப்பு. இவர் வேலை பார்க்கிற மில்லில் லாரிக்குப் பூஜை. பூஜை முடிந்து டிரைவர்கள் எல்லாம் சேர்ந்திருக்கிறார்கள். ஒரே ஒரு கட்டிங் என்று யாரோ கையில் கொடுத்திருக்கிறார்கள்.

போச்சு.

18-4-89, செவ்வாய்

நாலு நாளாக நிறுத்தவில்லை. முன்னெல்லாம் மாலையில்தான். இப்போது பல் தேய்க்குமுன் ஆரம்பிக்கிறார். வேலைக்குப் போகவில்லை. மில் முதலாளி ராஜாராம் வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

இன்று காலை அவர் கையைப் பிடித்துக் கேட்டேன். ஒரு தடவை தவறியதற்கு இப்படியா? அவர் சொன்னார், "சாமி முன்னாடி ஆயுசுக்கும்னு சொன்னத ஒடச்சிட்டேன். ஒடஞ்சது ஒடஞ்சதுதான். இனிமே ஒண்ணு குடிச்சா இன்னா, ஒம்பது குடிச்சா இன்னா?"

எடுத்த விரதத்தை முறிப்பது எடுக்காமலே இருப்பதைவிடப் பாவம் என்று சின்ன வயதிலிருந்து எங்களுக்குச் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் "ஆயுசுக்கும்" என்றேன். கயிறு கெட்டியாக இருந்தால் கட்டு நிற்குமென்று நினைத்தேன். சுருக்கு விழுந்துவிட்டது.

22-4-89, சனி

ஜான் பாஷா இவரைத் தாங்கிக்கொண்டு வந்தார். பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்தாராம். ஜான் பாஷாவும் அதே மில்லில் டிரைவர்தான், இரண்டு பேரும் பம்பாய் லைனில் மாறி மாறி ஓட்டியவர்கள், சேர்ந்து குடித்தவர்கள். முன்பெல்லாம் அவர் தலையைப் பார்த்தாலே எனக்கு எரியும். இன்று மோர் கொடுத்தேன். வேண்டாம் அண்ணி, நோன்பு என்றார். அப்போதுதான் நினைவு வந்தது, ரம்ஜான் மாதம். அவர் உதடு காய்ந்திருந்தது.

நோன்பு திறந்த பிறகு பிராந்தி குடிப்பீர்களா என்று கேட்டுவிட்டேன். கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. இந்த மாசம் முழுக்கத் தொடமாட்டாராம், வருஷா வருஷம் அப்படித்தானாம். ஒரு மாசம் எப்படி முடிகிறது?

"ஒரு மாசம்னு யாரு நெனச்சா அண்ணி? அப்படி நெனச்சா மொத நாளே கண்ண கட்டிடும். தெனம் நாளைக்கு நோன்பு பிடிக்கிறேன்னு நிய்யத்து வெப்போம். நாளைக்கு மட்டும். நாளன்னிக்கு இன்னான்னு நாளைக்குப் பாத்துக்கலாம்."

நிய்யத்து என்றால் மனசுக்குள் உறுதி வைப்பது. அதையும் அவரே சொன்னார்.

23-4-89, ஞாயிறு

நாளைக்கு மட்டும். நேற்றிலிருந்து இதே நினைப்பு. எங்கள் உபாத்தியாயரும் அதைத்தானே கேட்டார், எத்தனை நாளைக்கு என்று. இவர் அப்போது என்ன சொல்ல வாயெடுத்தார்? ஒரு வாரம் என்றிருப்பாரோ?

27-4-89, வியாழன்

சென்னை. டாக்டரிடம் விரதத்தைப் பற்றிச் சொன்னேன். திட்டினார். தினமும் இவ்வளவு குடிக்கிற ஆள் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வந்து செத்தே போகலாமாம். அந்த எறும்பும் வியர்வையும் அதுதானாம். பக்தியோடு கொல்லப் பார்த்திருக்கிறேன்.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னார். வெறும் வயிற்றில் கூடாது. லாரி எடுக்கிற நாளில் கூடவே கூடாது. அளவு மாதா மாதம் இறங்க வேண்டும். ரொம்ப நடுங்கினால் ஓடி வரவேண்டும். ஒரு நாளில் எந்த நேரம் மனசு ரொம்ப இழுக்கிறது என்று இவரைக் கேட்டார். இவர் யோசித்துச் சொன்னார், லாரியை நிறுத்திவிட்டு இறங்குகிற நேரம், பொழுது சாய்கிற நேரம். அப்போதுதான் பயம் வருகிறதாம். இத்தனை நாளில் "பயம்" என்று அவர் சொல்லி இன்றுதான் கேட்டேன்.

"அந்த நேரத்தை முதல்ல அடைங்க" என்றார் டாக்டர்.

30-4-89, ஞாயிறு

இன்று மாலை ஐந்தரைக்கே சாப்பாடு போட்டேன். சாதம், கீரை, மோர். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அவரே ஆரம்பித்தார்.

"சாகற வரைக்கும்னு கேக்காத சந்தனா. அதைக் கேட்டாலே எனக்குச் சாவுதான் ஞாபகம் வருது. நாளைக்கு வரைக்கும்னு கேளு."

அவருக்கும் அதே நினைப்பு. ஜான் பாஷா அவரிடமும் பேசியிருக்கிறார் போல.

நான் உபாத்தியாயர் மாதிரியே கேட்டேன், எத்தனை நாளைக்கு? நாளைக்குச் சூரியன் வருகிற வரைக்கும் வாயில் ஒன்றும் படாது என்றார். சோறும் தண்ணீரும் பிராந்தியும் எல்லாம் சேர்த்து. அவர் தாத்தா செய்ததுதான். புதிதாக ஒன்றுமில்லை.

பகலைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

2-5-89, செவ்வாய்

மதியம் சாப்பாட்டோடு ஒரு கட்டிங் குடித்தார். மாலை வாயை மூடினார். கை லேசாக நடுங்கியது, அவ்வளவுதான்.

புருஷன் பகலில் குடித்தார் என்று சந்தோஷப்படுகிற பெண்சாதி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

9-5-89, செவ்வாய்

சண்டை. காரணம் ராஜகிரி மலை. எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும், ஆனால் வெளிச்சம் இருக்கும். தினசரிக் காலண்டரில் போட்டிருக்கிற அஸ்தமனத்துக்கு இன்னும் நேரம் இருக்கும். அந்த இடைவெளியில் பிராந்திக் கடைக்குப் போய் வந்துவிட்டார்.

கேட்டால், "மலைக்கு அந்தாண்ட இன்னும் இருக்குது. அஸ்தமிக்கல" என்கிறார். சட்டம் படிக்காத வக்கீல். எனக்கு ஆத்திரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து அவரும் சிரித்தார். கடைசியில் வெளியூரில் காலண்டர், செஞ்சியில் மலை என்று தீர்ப்பாயிற்று. சூரியனை மலை விழுங்கினால் இவர் வாயை மூட வேண்டும்.

23-5-89, செவ்வாய்

இவரை ராஜாராம் மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொண்டுவிட்டார். இந்த வாரம் எனக்கு மாலை டூட்டி. சாப்பாடு வைத்துவிட்டு வந்தாலும் சாப்பிடுவாரா, வெளியே போவாரா என்று போர்டில் கை ஓடவில்லை. இரண்டு பேரைத் தப்பான நம்பருக்குப் போட்டுக் கொடுத்தேன். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் மில் நம்பர் விழுந்தது.

"நம்பர் ப்ளீஸ்."

"நம்பர் இல்ல. நான்தான். சாப்ட்டேன். நாளைக்கு வரைக்கும்."

வைத்துவிட்டார். யாரடி என்றாள் மங்கை. மில்லிலிருந்து, நேரம் கேட்டார்கள் என்றேன். ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் போய் முகம் கழுவி வந்தேன்.

11-6-89, ஞாயிறு

அவலூர்பேட்டைக்குக் கல்யாணத்துக்குப் போனவர் நேற்று குடித்துவிட்டு வந்தார். நான் பழையபடி சமையலறையில் தாழ்ப்பாள்.

விடிகிற வரைக்கும் எனக்கு ஒரே பயம்தான். மறுபடியும் ஒடஞ்சது ஒடஞ்சதுதான் என்பாரோ? ஏப்ரல் மாதம் திரும்ப வருமோ? கதவைத் திறந்தால் குளித்துவிட்டு நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது.

"நேத்தோடது போச்சு" என்றார். "இன்னிக்கோடது இருக்குதா?"

"இருக்குது" என்றேன்.

வாய்க்குள் வந்ததையெல்லாம் விழுங்கிவிட்டு இட்லி வைத்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது.

30-6-89, வெள்ளி

அவரே சுகாதார நிலையத்துக்குப் போய் நிரோத் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். இலவசமாம். பை நிறையக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே இருந்தவர்கள் பார்க்கவில்லையா என்றால், குடும்பக் கட்டுப்பாடுன்னு சொன்னேன், உட்கார வைத்து டீ கொடுத்தார்கள் என்கிறார். நான் ஒவ்வொரு தடவையும் சோப்பும் தலைவலி மாத்திரையும் வாங்கித் திண்டிவனத்தில் காசைக் கரைத்திருக்கிறேன்.

27-7-89, வியாழன்

சென்னை. எனக்கு இந்தத் தடவையும் இல்லை. சுத்தம்.

டாக்டர் சொன்னபோது நான் அழவில்லை. இவர்தான் மாடிப்படியில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் பார்க்க அழுதார். எடை ஏறியிருக்கிறது. இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் ஒரு கட்டிங். அதையும் விடலாமே என்று நான் ஆரம்பித்தேன். டாக்டர் என் கையைத் தட்டினார். பேசாமல் இரு என்று அர்த்தம். வாயை மூடிக்கொண்டேன்.

3-9-89, ஞாயிறு

ஜான் பாஷாவிடம் சொல்லிவிட்டாராம். கிருமி, டாக்டர், எல்லாம். என்னைக் கேட்காமல்! நாலு டிரைவர்கள் டீக்கடையில் உட்கார்ந்தால் விடிவதற்குள் தாலுகா முழுக்கத் தெரிந்துவிடும். பத்மாவைப் பள்ளிக்கூடத்தில் உட்கார விடுவார்களா? எனக்கு வேலை இருக்குமா?

"அவனும் அதே லைன்ல ஓட்டுனவன் சந்தனா. நான் சொல்லாம யாரு சொல்லுவா?" என்றார். நியாயம்தான். பயம் மட்டும் இருக்கிறது.

9-9-89, சனி

ஜான் பாஷா இந்தப் பக்கமே வரவில்லை. மில்லில் இவரைப் பார்த்தால் லாரிக்கு அடியில் போய் ஏதோ முடுக்குகிறாராம்.

12-9-89, செவ்வாய்

வந்தார். உட்காரவில்லை. சென்னையில் எந்த ஆஸ்பத்திரி, எந்த மாடி என்று மட்டும் கேட்டார். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு, நானும் வர்றேன் என்றார்.

28-9-89, வியாழன்

ஜான் பாஷாவுக்கும் இருக்கிறது.

தெரிந்த அன்று மூக்கு முட்டக் குடித்திருக்கிறார். மறுநாள் இவர் போய் மாலை ஐந்துக்கே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். இரண்டு இலை போட்டேன். பருப்பும் அவரைக்காயும். "இந்த நேரத்துல மாடுதான் தின்னும்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஜான் பாஷா சாப்பிட்டார். பிறகு இரண்டு பேரும் வாசலில் நின்று மலையைப் பார்த்தார்கள். எத்தனை நாளைக்கு என்று இவர் கேட்டார். நான் உள்ளே போய்விட்டேன். அது அவர்கள் விஷயம்.

14-10-89, சனி

ஒரு வாரமாக இவருக்கு இருமல். மழைக்காலம் என்கிறார். மாலையானால் உடம்பு கொதிக்கிறது. தொட்டுப் பார்க்காமலே எனக்குத் தெரிகிறது.

22-10-89, ஞாயிறு

இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. ஏறின எடையெல்லாம் எங்கே போயிற்று? ஞாயிற்றுக்கிழமை கட்டிங்கையும் அவராகவே விட்டு ஒரு மாதத்துக்கு மேலாகிறது. அதற்கு இதுதான் பலனா? சாமி கும்பிடப் பிடிக்கவில்லை. விளக்கு மட்டும் ஏற்றினேன்.

29-10-89, ஞாயிறு

இன்று மலை மூடுகிற நேரம். தட்டு வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தள்ளிவிட்டார். இருமி முடித்ததும் சொன்னார்.

"குடிச்சாலும் வந்திருக்கும். குடிக்காமலும் வந்துருச்சு. பின்ன எதுக்கு இத்தனையும்?"

எனக்கே அந்தக் கேள்வி இருக்கிறதே. செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். பஸ் ஸ்டாண்ட் பக்கம்தான். போகாதீங்க என்று சொல்ல வாய் வரவில்லை. எதைக் காட்டிச் சொல்வது?

மழை பிடித்துக்கொண்டது. விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் நனைந்து வந்தார். பக்கத்தில் போய் முகர்ந்து பார்த்தேன். வெட்கமில்லாமல் முகர்ந்தேன். மழை வாசனைதான். கடை வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன் என்றார். ஏன் என்று அவருக்கும் தெரியவில்லையாம்.

2-11-89, வியாழன்

சென்னை. எக்ஸ்ரே, சளி, ரத்தம். ஒரு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் முகத்தைப் படிக்கவே எனக்கு இந்தப் பத்து மாதம் போயிற்று, இன்னும் தேறவில்லை.

9-11-89, வியாழன்

பஸ்ஸில் எழுதுகிறேன். கோணல் மாணலாக வருகிறது, பரவாயில்லை.

டி.பி. நுரையீரலில்.

டாக்டர் சொன்னதும் என் காது அடைத்துவிட்டது. அடுத்து என்ன சொல்கிறார் என்று இவர்தான் கேட்டுக்கொண்டிருந்தார். இதற்கு மாத்திரை இருக்கிறதாம். கிருமிக்குத்தான் இல்லை, டி.பி.க்கு இருக்கிறது. விடாமல் சாப்பிட்டால் குணமாகும். ஆனால் மாத்திரைகள் கல்லீரலை அடிக்குமாம். குடித்துக் கெட்ட கல்லீரலாக இருந்தால் தாங்காது, மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விட்டுவிடும். அதற்காகத்தான் ரத்தம் எடுத்தாராம். காகிதத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"உங்க கல்லீரல் நல்லா இருக்குது. மாத்திரை தாங்கும். பிப்ரவரியில வந்திருந்தா இந்த மாத்திரைய நான் எப்படிக் குடுத்திருப்பேன்னு எனக்கே தெரியல."

நான் சிரித்துவிட்டேன். புருஷனுக்கு டி.பி. என்று சொன்ன இடத்தில் சத்தமாகச் சிரித்தேன். நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். நிறுத்த முடியவில்லை. சிரித்துக்கொண்டே அழுதேன்.

இவர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு எழுத்தும் புரியாது அவருக்கு. "இதுக்குத்தானா" என்றார். என்னிடமில்லை, டாக்டரிடமுமில்லை.

ஜான் பாஷாவையும் அடுத்த வாரம் அழைத்து வந்து காட்ட வேண்டும். அவருக்கும் லேசாக இருமல் இருக்கிறது.

10-11-89, வெள்ளி

காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை. மூன்று வகை. ஒன்று சிவப்புக் கேப்ஸ்யூல், அதைச் சாப்பிட்டால் சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். பயப்படாமல் இருக்க என்னால் முடியுமா என்று அவருக்குத் தெரியாது.

இருட்டோடு எழுந்துவிட்டார். மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். மழை மூட்டம். சூரியன் வந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. இப்போதே போட்டுக்கொண்டால் என்ன, மருந்துதானே என்றேன். நேத்து ராத்திரி சொன்னது இன்னும் முடியல என்றார். அவர் வீட்டில் மூட்டமான நாளில் உள்ளங்கை ரேகை கண்ணுக்குத் தெரிந்தால் விடிந்துவிட்டது என்று கணக்காம்.

நானும் பக்கத்தில் டம்ளரில் தண்ணீரோடு உட்கார்ந்தேன். ஆளுக்கொரு கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் எனக்குத்தான் தெரிந்தது. சொன்னேன். அவர் மாத்திரைகளை விரலால் ஒதுக்கிவிட்டுத் தன் கையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

விழுங்கினார். தண்ணீர் முழுவதையும் குடித்தார். பத்மாவுக்குத் தலை பின்ன நேரமாகிவிட்டது, எழுந்தேன்.